ஒய்பியின் வாப்பா

ஐயாசாமி மறுபடியும் வந்து அதே மேசையில் உட்கார்ந்தார். கல்லாவுக்கு நேர் எதிரே, மின்விசிறிக்குக் கீழே இருக்கும் மேசை. பாலும் சீனியும் போடாத தே ஓ தேநீர் ஒன்று கேட்டார். ரொட்டி வேண்டாம், சோறு வேண்டாம், ஒன்றும் வேண்டாம். சாப்பாட்டுக் கடைக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கும் ஆளைக் கண்டால் ருக்னுதீனுக்கு ஆகவே ஆகாது. ஆனால் ஐயாசாமியிடம் அதைக் காட்டிக்கொள்ள முடியாது. ஒரு காலத்தில் நகர மன்ற உறுப்பினராக இருந்தவர். இப்போது பதவி ஒன்றும் இல்லை. இருந்தாலும் புதுத் தொழிற்பேட்டையில் எந்த ஃபேக்டரிக்கு எந்தக் கதவு திறக்க வேண்டுமென்றாலும் முதல் போன் அவருக்குத்தான் போகும்.

வெளியே மழை. ஆண்டுக் கடைசியில் தங்காக் ஊரில் மழையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். லேடாங் மலை காலையிலேயே மேகத்துக்குள் போய்விட்டால், துணிக்கடைக்காரர்களுக்கு அன்று முழுக்க வாசலில் தொங்கும் சேலைகளையும் மலாய்ப் பெண்களின் பாஜு குரோங் உடைகளையும் உள்ளே இழுப்பதும் வெளியே மாட்டுவதும்தான் வேலை. துணி வாங்க வெளியூரிலிருந்து வந்தவர்கள் நனைந்த பைகளோடு ருக்னுதீன் கடைக்குள் ஒதுங்குவார்கள். ஒதுங்கியவர்கள் மீன் தலைக் கறியின் வாசனையில் உட்கார்ந்துவிடுவார்கள். மழை அந்தக் கடைக்கு எப்போதும் நல்லதுதான் செய்திருக்கிறது.

கல்லாவுக்கு மேலே சுவரில், தேர்தலில் ஜெயித்த அன்று எடுத்த படத்தில், கழுத்து மறைய மாலை போட்டுக்கொண்டு ஆப்ரின் சிரித்தாள். ருக்னுதீனின் கடைசி மகள். வக்கீலுக்குப் படித்தவள். முப்பது வயது ஆகுமுன்னே மாநிலச் சட்டமன்றத்துக்குப் போய்விட்டாள். மலாய்க்காரர்களுக்கு அவள் மாமாக் எனும் தமிழ் முஸ்லிம் வீட்டுப் பெண், இந்தியர்களுக்கு அவள் முஸ்லிம், சீனர்களுக்கு அவள் ரொட்டிக்கடைக்காரர் மகள். யாருக்கும் முழுதாகச் சொந்தமில்லாத அந்தப் பெண், எல்லாரிடமும் கொஞ்சம் கொஞ்சம் ஓட்டு வாங்கி, நூலிழையில் ஜெயித்தாள். அன்றிலிருந்து ஊர் அவளை, மாண்புமிகு என்பதை மலாயில் சுருக்கி, ஒய்பி என்றது. முப்பது வருடமாகத் தன் பெயரால் கடை நடத்திய ருக்னுதீனை ஒரே ராத்திரியில் ஒய்பியின் வாப்பா ஆக்கிவிட்டது. அவர் சங்கடப்படுவதுபோல் தலையைச் சொறிவார். உள்ளுக்குள் குளிர்ந்து போவார்.

"பாய், ஒய்பி திங்கக்கிழம சட்டமன்றத்துல பேசறாங்களாமே. வாட்ஸ்அப்ல ஓடுது," என்றார் ஐயாசாமி.

"ஆமாங்க. அவ வேல அது."

"பேசட்டும் லா. நல்லா பேசற புள்ள. வேலைக்காரங்க பாஸ்போர்ட்ட முதலாளி புடிச்சி வச்சிருந்தா, கடையா இருந்தாலும் ஃபேக்டரியா இருந்தாலும் லைசன் புதுப்பிக்கக் கூடாதாம். நல்ல விஷயந்தானே." தேநீரை ஊதிக் குடித்தார். "மேல மாடியில எத்தன பேரு தங்கியிருக்காங்க பாய்?"

"நாலு பேரு."

"எல்லாம் ஒங்க ஊருதானா?"

"எங்க ஊருதான். கீழக்கரப் பக்கம்."

ருக்னுதீனின் கை இடுப்பிலிருந்த பச்சை பெல்ட்டுக்குப் போனது. கைலியின் மேல் கட்டும் அகலமான பெல்ட். அதன் பையில் கடைச் சாவி, வீட்டுச் சாவி, பீரோ சாவி மூன்றும் இருக்கும். பேசும்போது அவர் கை தானாக அதைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளும்.

அந்த நேரம் பார்த்து ஆப்ரின் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். ஐயாசாமி எழுந்து நின்று வணக்கம் வைத்தார். உட்காரும்போது முகத்தை ரொட்டிக் கல்லின் பக்கம் திருப்பிக்கொண்டார். அங்கே சர்புதீன் மாவு உருண்டையைத் தட்டி, காற்றில் வீசி, கல்லில் போட்டுக்கொண்டிருந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். மெலிந்த ஆள், ஆனால் தோள்கள் மட்டும் பயில்வானுடையவை.

"தம்பி, ஊருக்குப் போயி எவ்ளோ நாளாச்சு?"

"வந்ததுலேருந்து போவலங்க."

"அலமாக், அவ்ளோ நாளா! பாஸ்போர்ட்லாம் ஒழுங்கா இருக்கா?"

"இருக்குங்க. மாமாகிட்டதான் இருக்கு." சர்புதீன் ரொட்டியைத் திருப்பிப் போட்டான். அவன் குரலில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. "நாலு பேரோடதும். மேல மழைக்கு ஒழுவும். களவும் போயிரும். அதான் மாமா வீட்டு பீரோவுல வச்சிருக்காங்க."

"நல்லது, நல்லது," என்றார் ஐயாசாமி. ஆப்ரினைப் பார்த்துச் சிரித்தார். தாத்தாக்கள் பேத்தியைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு. மீதித் தேநீரைக் குடித்துவிட்டு மழையில் இறங்கிப் போனார்.

ஆப்ரின் நின்ற இடத்திலேயே நின்றாள். அந்த பீரோ அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் உம்மாவின் பட்டுச் சேலைகளைத் தொட்டுப் பார்க்கத் திறக்கும்போதெல்லாம், ரசகற்பூர உருண்டைகளுக்குப் பக்கத்தில், ஒரு பிளாஸ்டிக் பைக்குள் அந்தச் சின்னப் புத்தகங்கள் இருக்கும். ஆட்கள் மாறுவார்கள், பை மாறாது. வக்கீலுக்குப் படித்தாள், தொழிலாளிகளுக்காகக் கோர்ட்டில் நின்றாள், சட்டமன்றத்தில் மேசையைத் தட்டினாள். அவள் எதிர்த்துக் கத்திக்கொண்டிருந்த குற்றம் அந்தப் பைக்குள் இருந்தது என்று ஒருநாள்கூடத் தோன்றியதில்லை. வெளியே முதலாளிகள் பிடித்து வைக்கிறார்கள், வீட்டில் வாப்பா எடுத்து வைக்கிறார். இரண்டும் வேறு வேறு என்றே நினைத்து வளர்ந்துவிட்டாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட அதிகமாகப் பயமாக இருந்தது.

மத்தியானக் கூட்டம் அடங்கியபின் ருக்னுதீன் பின்மேசையில் சாப்பிட உட்கார்ந்தார். சர்க்கரை மாத்திரையை விழுங்கிவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பார். அவர் மனைவி மீரா பீவி வீட்டிலிருந்து வந்து பக்கத்தில் நின்று மிச்ச மீன் கறியை ஊற்றினாள். கடையில் ஆயிரம் பேருக்குச் சோறு போட்டாலும் அவருக்கு அவள் கையால்தான் போட வேண்டும். ஆப்ரின் எதிரே உட்கார்ந்தாள்.

"வாப்பா, அந்த பீரோவத் தொறந்து அவங்க பாஸ்போர்ட்ட அவங்ககிட்ட குடுத்துருங்க."

"சாப்புட விடு."

"ஐயாசாமி சும்மா கேக்கல. ஃபேக்டரிக்காரங்க அனுப்பிருக்காங்க. நான் திங்கக்கிழம எந்திரிச்சா, நீ மொதல்ல ஒங்க வாப்பாவப் பாருன்னு சொல்லுவாங்க. சொல்றதோட விட மாட்டாங்க. புகார் குடுப்பாங்க."

"குடுக்கட்டுமே. நான் என்னா திருடுனேனா? எங்க வாப்பா கப்பல்ல வந்தப்ப அவரோடத அவரு முதலாளி வச்சிருந்தாரு. நான் வந்தப்ப என்னோடத ஒங்க உம்மாவோட வாப்பா வச்சிருந்தாரு. பொண்ணையும் குடுத்தாரு. யாரும் யாரையும் கடிச்சித் திங்கல."

"அது குத்தம் வாப்பா."

"ஒனக்குச் சட்டம் தெரியும். எனக்கு அவனுங்களத் தெரியும். சர்புவோட உம்மா போன்ல என்னா சொல்லிச்சு தெரியுமா? இனிமே இவன் ஒங்க புள்ளன்னுச்சு. புள்ள சாமான வாப்பா பாத்துக்கிறது குத்தமா?"

"புள்ளன்னா நான் என் பாஸ்போர்ட்ட எங்க வச்சிருக்கேன்? என் கைப்பையில. நீங்க ஒருநாளாச்சும் கேட்டீங்களா?"

ருக்னுதீன் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். மீரா பீவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மூவார்ல நம்ம காதர் கடையில என்னா ஆச்சுன்னு தெரியுமா?" என்றார் அவர். "பாவமேன்னு கையில குடுத்தாரு. மறுநா காலையில ரெண்டு பேரக் காணோம். வேற கடைக்குப் போயிட்டானுங்க. இமிகிரேஷனுக்குக் காதர்தான் பதில் சொன்னாரு. கடையே படுத்துருச்சு."

"அப்ப ஓடிருவாங்கன்னுதான் வச்சிருக்கீங்க. மழைக்காவவும் இல்ல, களவுக்காவவும் இல்ல."

அவர் சோற்றிலிருந்து கையை எடுத்தார். முகம் சிவந்துவிட்டது. ருக்னுதீன் மகளை அடித்ததே கிடையாது. அன்று அடித்துவிடுவாரோ என்று மீரா பீவி பயந்து நடுவில் வந்தாள்.

"ஒன் எலெக்ஷனுக்கு ராவும் பகலும் சோறு போட்டது யாரு?" என்றார் ருக்னுதீன். "கட்சியா போட்டிச்சு? இந்தக் கட போட்டிச்சு. இந்த நாலு பேரு ஆக்கிப் போட்டானுங்க. இப்ப ஸ்கூல் லீவு வருது. ஒருத்தன் போனாலும் நான் கடைய மூடணும். குடுக்க மாட்டேன். நீ வேணா பேசறத விட்டுரு."

"முடியாது வாப்பா."

"அப்ப பேசு. பேசி என்னய ஜெயிலுக்கு அனுப்பு."

கை கழுவாமலே எழுந்து போய்க் கல்லாவில் உட்கார்ந்துகொண்டார். வந்த வாடிக்கையாளரிடம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்காமல் முறைத்தார்.

ஆப்ரின் கடையின் பின்சந்துக்குப் போனாள். அங்கே தகரக் கூரைக்கு அடியில் சர்புதீன் நாளைக் காலைக்கு மாவு பிசைந்து முடித்து, உருண்டை பிடித்து, மார்ஜரின் தடவித் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தான். கூரையில் மழை கொட்டியதால் இருவரும் சத்தமாகப் பேச வேண்டியிருந்தது. அவனை அவள் அண்ணன் முறை வைத்துக் காக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"சர்பு காக்கா, ஒன்னு கேட்டா உண்மையச் சொல்லுவீங்களா?"

"கேளுங்கம்மா."

"ஒங்க பாஸ்போர்ட்ட வாப்பாகிட்ட நீங்களா குடுத்தீங்களா?"

"ஏர்போர்ட்லயே வாங்கிக்கிட்டாங்க. எல்லாருக்கும் அப்புடித்தானே." உருண்டையை உள்ளங்கையில் உருட்டினான். "மாமா நல்லவங்கம்மா. எனக்கு டெங்கி வந்தப்ப அவங்களே கஞ்சி காச்சி மாடிக்குக் கொண்டாந்தாங்க. அப்புடி எந்த முதலாளி செய்வாரு?"

"திருப்பிக் கேட்டதே இல்லையா?"

அவன் கை ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடியும் உருட்டியது.

"ஒரே ஒரு தடவ. ஒங்க எலெக்ஷன் சமயம். எங்க வாப்பாவுக்கு நெஞ்சுவலின்னு ஊர்லேருந்து போன் வந்துச்சு. மாமாகிட்ட போனேன். ஓட்டு முடியட்டும்டா, ஒரு வாரந்தானே, டிக்கெட்டு நானே எடுத்துத் தரேன்னாங்க. அப்ப இங்க ஒரு வேளைக்கு ஐநூறு பொட்டலம் போயிட்டிருந்துச்சு. அவங்களயும் குத்தம் சொல்ல முடியாது. நானும் சரின்னுட்டேன்."

"அப்புறம்?"

"நீங்க ஜெயிச்ச அன்னிக்குப் பொழுது சாய, மஃரிபு நேரத்துல வாப்பா மௌத்தாயிட்டாங்க. பிரியாணி தம்முல இருந்துச்சு. எறக்கி வச்சிட்டு மாடிக்குப் போயி அழுதேன். கீழ ஒரே வெடிச் சத்தம், கொட்டுச் சத்தம். யாருக்கும் கேட்டிருக்காது. அப்புறம் மூஞ்சக் கழுவிட்டு பரிமாற எறங்கி வந்தேன். மாமாவுக்கே மறுநாதான் சொன்னேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல காக்கா?"

"மால போட்டு நின்னீங்களேம்மா. எப்புடிச் சொல்றது?"

"அதுக்கப்புறமாவது போயிருக்கலாமே."

"அடக்கம் முடிஞ்சிருச்சு. போயி யாரப் பாக்குறது?"

ஆப்ரினுக்கு அந்த ராத்திரி நன்றாக நினைவிருந்தது. நாள் முழுக்கப் பட்டினி. சர்புதீன்தான் வந்து தட்டு வைத்தான். இன்னும் கொஞ்சம் கறி வைங்க காக்கா என்று கேட்டு வாங்கி, இரண்டு தட்டு சாப்பிட்டாள். இப்போது அந்தச் சந்தில், கழுவாத அண்டாக்களுக்கு நடுவே, குந்தி உட்கார்ந்து அழுதாள். சர்புதீன் என்ன செய்வதென்று தெரியாமல் மாவுக் கையோடு நின்றான்.

சாமான் அறைக் கதவுக்குப் பின்னால், நெய் டின்னைத் தூக்க வந்த ருக்னுதீனும் நின்றார். முழுவதும் கேட்டுவிட்டார். டின்னை அங்கேயே வைத்துவிட்டுக் கல்லாவுக்குத் திரும்பினார். அன்று சாயங்காலம் சில்லறை கொடுப்பதில் இரண்டு முறை தப்பு செய்தார். ஆனால் வாயைத் திறந்து யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும். பெற்ற மகளிடம் நான் செய்தது தப்பு என்று சொல்ல அந்த மனுசனுக்கு வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆப்ரினின் தொகுதிச் சேவை மையத்துக்கு ஐயாசாமி வந்தார். துணிக்கடைக்கு மேலே முதல் மாடியில் இருந்த சின்ன அறை. அன்று விடுமுறை என்பதால் அவள் மட்டும்தான் மறுநாள் பேச்சைத் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஐயாசாமி படியேறிய மூச்சு வாங்கலோடு உட்கார்ந்து, கைக்குட்டையால் தலையைத் துவட்டிக்கொண்டார்.

"நான் மெரட்ட வரல ஒய்பி. தப்பா எடுத்துக்காதீங்க. எங்கப்பா பெக்கோக்ல ரப்பர் எஸ்டேட்ல பால் வெட்டுனவரு. தொழிலாளி கஷ்டம் எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா ஏன் அங்கிள் ஃபேக்டரிக்காரங்களுக்காக வர்றீங்க?"

"அவங்களுக்காக வரல. ஒங்க வாப்பாவுக்காக வந்தேன். ஃபேக்டரி வச்சிருக்கவனுக்கு வக்கீல் இருக்கான், மேனேஜர் இருக்கான், கையெழுத்துப் போட்டவன் வேற ஒருத்தன். ஒங்க வாப்பாவுக்கு யாரு இருக்கா? இமிகிரேஷன்காரங்க வந்தாங்கன்னா மொதல்ல அந்த நாலு பேரத்தான் லோரியில ஏத்துவாங்க. விசாரிக்கணும்பாங்க. விசாரிச்சிக்கிட்டே இருப்பாங்க. பிறகு பாயையும் ஏத்துவாங்க."

ஆப்ரின் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தாள்.

"சாப்புட முந்தி சுகர் மாத்திர போடுறாருல்ல பாய்? லோக்கப்புல அதெல்லாம் நேரத்துக்குக் குடுக்க மாட்டாங்க. சொல்றேன், அவ்ளோதான்." கைக்குட்டையை மடித்தார். "நீங்க பேசுங்க. யாரு வேணான்னா? கடைசியில மட்டும், இத ஒரு ஆய்வுக் குழு பாக்கட்டும்னு சேத்துக்குங்க. யாரும் தோக்கல. யாரும் ஜெயிக்கல. அடுத்த தடவ இந்தத் தொகுதியில ஒங்களுக்கு எதிரா நிக்க ஆளே இருக்காது. அத நான் பாத்துக்கிறேன்."

"நான் பேசத்தான் போறேன் அங்கிள்."

"பேசுங்கம்மா, பேசுங்க," என்றபடி எழுந்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார். அவர் கோபப்பட்டிருந்தால் அவளுக்குத் தைரியமாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை அதிகாலை சுபுஹு தொழுகை முடிந்த கையோடு ருக்னுதீன் கடைக்குப் போய்விட்டார். மகளிடம் முகம் கொடுக்கவில்லை. ஆப்ரின் காரில் ஏறும்போது மீரா பீவி வாசல் வரை வந்து, வழியில் சாப்பிட என்று இடியாப்பப் பொட்டலத்தை நீட்டினாள். நீட்டிய கையால் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ பேசு. ஒங்க வாப்பாவ விட்டுட்டுப் பேசு."

"அப்புடிப் பேச முடியாது உம்மா. பேசுனா இமிகிரேஷன்காரங்க வாப்பாகிட்டதான் மொதல்ல வருவாங்க."

"அப்ப பேசாத."

"உம்மா."

"எனக்கு ஒய்பி வேணாம் ஆப்ரின். ராத்திரி சோத்துக்கு நீங்க ரெண்டு பேரும் வீட்டுல இருக்கணும். எனக்கு அவ்ளோதான் தெரியும். ஊர்ல உள்ள எல்லா வேலைக்காரனுக்கும் நீ வக்கீலு. என் புருஷனுக்கு யாரு?"

மீரா பீவி அழவில்லை. அழுதிருந்தால் ஆப்ரின் சமாதானம் சொல்லிவிட்டுக் கிளம்பியிருப்பாள். நெடுஞ்சாலையில் மழை கண்ணாடியை மறைத்தது. லோரிகள் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு முந்தின. செனாய் தாண்டும் வரை அவள் தன் பேச்சை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். அதற்கப்புறம் சொல்லிப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். கோத்தா இஸ்கந்தாரில் சட்டமன்ற வளாகத்துக்குள் நுழையும்போது போனை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

அவள் கார் செனாயைத் தாண்டிய அதே வேளையில் ருக்னுதீன் கல்லாவை விட்டு எழுந்தார். காலைக் கூட்டம் நெரிந்துகொண்டிருந்தது. கூட்டத்தில் அவர் கல்லாவை விட்டு எழுந்ததை யாரும் பார்த்ததில்லை. மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குப் போய், பெல்ட்டிலிருந்து சாவியை எடுத்து பீரோவைத் திறந்தார். மீரா பீவி ஏன் என்று கேட்டாள். அவர் பிளாஸ்டிக் பையை மழைக்கோட்டுக்குள் வைத்துக்கொண்டு வந்த வேகத்தில் திரும்பிவிட்டார்.

பின்சந்தில் நாலு பேரையும் கூப்பிட்டு நிறுத்தினார். ஆளுக்கொன்றாக எடுத்து நீட்டினார். யாரும் கை நீட்டவில்லை. பாத்திரம் கழுவும் ஷாநவாஸுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"வேலைய விட்டு நிறுத்துறீங்களா மாமா? நான் என்ன தப்பு பண்ணுனேன்?"

"நிறுத்தலடா. ஒங்களோடது. ஒங்ககிட்ட இருக்கட்டும்."

"ஏன் மாமா, திடீர்னு?"

"திடீர்னு இல்ல. லேட்டு," என்றார் ருக்னுதீன். சர்புதீனிடம் வந்தபோது அவன் தோளில் கை வைத்தார். "ஒன் வாப்பா விஷயத்துல நான் பண்ணுனது பெரிய பாவம்டா. மன்னிச்சிரு."

சர்புதீன் கையை ஏப்ரனில் துடைத்தான். துடைத்த கையை மறுபடியும் துடைத்தான். இரண்டு கையாலும் வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, ரொட்டிக் கல்லுக்குப் போய்விட்டான். அன்று அவன் வீசிய ரொட்டி வழக்கத்தைவிடப் பெரிதாக விரிந்தது.

ருக்னுதீன் மகளுக்குப் போன் போட்டார். போகவில்லை. மறுபடியும் போட்டார். குரல் பதிவு செய்யச் சொன்னது. அவருக்கு அதெல்லாம் பழக்கமில்லை. கடைக்கே கேட்கும்படி கத்தினார்: "ஆப்ரின், குடுத்துட்டேம்மா. நாலு பேருக்கும் குடுத்துட்டேன். இனிமே ஒனக்கு ஒரு பயமும் இல்ல. நீ பேசு!"

பத்தரை மணிக்கு ஐயாசாமி வந்து மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தார். அவரைப் பார்த்து ருக்னுதீனுக்கு முதல்முறையாகப் பயம் வரவில்லை. அவரே தேநீரைக் கொண்டுபோய் வைத்தார்.

"எம் மக பேசப்போறா. பாத்துட்டுப் போங்க."

"பாக்கத்தான் வந்தேன் பாய்."

சர்புதீன் தன் போனைப் பால் டின்னில் சாய்த்து வைத்து நேரலையைப் போட்டிருந்தான். மற்ற மூவரும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். ருக்னுதீன் திட்டவில்லை. திரையில் சபாநாயகர் ஆப்ரின் பெயரைச் சொன்னார். ஆப்ரின் எழுந்தாள். தலையை மூடி நீலத் துடோங் போட்டிருந்தாள். மலாயில் தெளிவாக, நிதானமாக ஆரம்பித்தாள். வேலைக்கு வந்தவன் கையில் அவன் பாஸ்போர்ட் இல்லையென்றால் அவன் வேலைக்காரன் இல்லை, பிணையாள் என்றாள். வீட்டில் சாவு விழுந்தாலும் போக முடியாத மனிதர்கள் நம் ஒவ்வொருவர் கடையிலும் இருக்கிறார்கள் என்றாள். சர்புதீன் தலையைக் குனிந்துகொண்டான். ருக்னுதீனுக்குக் கண் கலங்கிவிட்டது. எம் மக, எம் மக என்று பக்கத்தில் நின்ற வாடிக்கையாளரின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

அப்புறம் ஆப்ரின் தண்ணீர் குடித்தாள். காகிதத்தைத் திருப்பினாள். குரல் இறங்கிவிட்டது.

சிறிய கடைகளின் நிலைமையையும் கருத்தில் கொள்ள வேண்டியிருப்பதால், இந்தத் தீர்மானத்தை இப்போது வாக்கெடுப்புக்கு விடாமல், ஓர் ஆய்வுக் குழுவின் பார்வைக்கு அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன் என்றாள். இரண்டு பக்க உறுப்பினர்களும் மேசையைத் தட்டினார்கள். அவள் உட்கார்ந்தாள். கேமரா அவள் முகத்தைத் தேடியது. அவள் நிமிரவில்லை.

ருக்னுதீனுக்கு முதலில் புரியவில்லை. "என்னா சொல்றா? என்னா சொல்லிட்டா?" என்று கேட்டார்.

"தள்ளி வச்சிட்டாங்க பாய்," என்றார் ஐயாசாமி அன்பாக. "ஆய்வுக் குழு. இனிமே அது வராது. ஒங்க நல்லதுக்குத்தான். நல்ல புள்ள பாய், நல்லா வளத்திருக்கீங்க. இனிமே அது எங்க வீட்டுப் புள்ள மாதிரி. எங்கயோ போயிரும் பாருங்க, மேல மேல." போனை எடுத்து யாருக்கோ, "ஆச்சு," என்று மட்டும் சொன்னார்.

கல்லாவில் ருக்னுதீனின் போன் அடித்தது. ஆப்ரின்தான். அவர் அனுப்பிய குரலை அவள் இன்னும் கேட்டிருக்கவில்லை.

"வாப்பா, பயப்படாதீங்க." மூக்கடைத்த குரல். "ஒன்னும் ஆவாது. யாரும் வர மாட்டாங்க. நான் பாத்துக்கிட்டேன். உம்மாகிட்டயும் சொல்லிருங்க."

அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். கொடுத்துவிட்டேன் என்று இப்போது சொன்னால் அந்தப் பெண் என்ன ஆவாள்? சொல்லாவிட்டால் நாளைக்குத் தானாகத் தெரிந்துகொண்டு என்ன ஆவாள்?

நிமிர்ந்து பார்த்தார். எதிரே சர்புதீன் நின்றான். சட்டைப் பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் ஷாநவாஸ், அவனுக்குப் பின்னால் மற்ற இருவர்.

"நீங்களே வச்சிருங்க மாமா," என்றான் சர்புதீன். கோபமே இல்லை அவன் குரலில். "ஒய்பியாலயே முடியல. இத கையில வச்சிக்கிட்டு நாங்க யாருகிட்ட போயி நிக்கிறது?"

ஐயாசாமி மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். போனுக்குள் ஆப்ரின் வாப்பா, வாப்பா என்று கூப்பிட்டாள். வேண்டாம்டா என்று சொல்லத்தான் ருக்னுதீன் வாயைத் திறந்தார். அதற்குள் அவர் கை நீண்டு அதை வாங்கிக்கொண்டது.